பழி நின்றவனுக்காக நான் கூண்டேறிய கதை

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதிலும் பாதி நாள் அம்மாவோடு கருவாடு காயவைக்கப் போய்விடுவேன். வரி கோணிக்கொண்டு போகும். ஒன்றை ஆரம்பித்து இன்னொன்றில் நுழைந்துவிடுவேன், நடுவில் மறதி வேறு. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆனால் இந்த ஒரு காரியத்தை மட்டும் நான் மறக்கவில்லை. நாலு பேர் எதிரில் பேச வேண்டுமென்றால் முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொள்கிறவள் நான். அப்படிப்பட்டவள் பாரிமுனைக் கோர்ட்டில் கூண்டேறி, சர்க்கார் வக்கீலுக்குப் பதில் சொல்லி, ஒரு ஆளைக் கொலைக் குற்றத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்தேன். அந்த ஆளின் கையால் போனவர் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான்.

காசிமேட்டுக்கு வடக்கே, எண்ணூர் போகிற சாலையை ஒட்டி எங்கள் குப்பம். சாலையில் நாளெல்லாம் கன்டெய்னர் லாரி நிற்கும். சாலைக்கு அந்தண்டை, கடல் உள்ளே வராமல் இருக்கக் கொட்டிய கருங்கல். கல்லுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சம் மணலில்தான் மீன்பிடி போட்டு, வலை, கோயில், டீக்கடை எல்லாம். உலகத்துக்கு ரெண்டாயிரம் வருஷம் பிறக்கப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

நான் இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூலையில் உட்கார்ந்து தலை நிமிராமல் உரிப்பேன். எதிர்வீட்டு அக்கா கூடையில் மீன் தூக்கித் திருவொற்றியூர்த் தெருவெல்லாம் கூவி விற்கிறவள். அவள் எல்லாரிடமும் சொல்லுவாள்: "இவ வாய்ல இறால் ஓடு மாட்டிக்கினு கீது. ஒரு நாளு நான் கையவுட்டுத்தான் எடுக்கணும்."

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். அவர் கரையில் நின்று கூப்பிட்டால் லாரிக்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள். அவருடைய பைபர் போட்டில் மூன்று பேர் தொழிலுக்குப் போவார்கள். இஞ்சின் பக்கம் இவர். நடுவில் தண்ணீர் இறைக்க ஒரு பெரியவர். முன்பக்கத்தில் இருபத்தைந்து வயசு இருக்கிற ஒருவன். போட்டின் முன்பக்கத்தை நாங்கள் அணியம் என்போம். அதனால் அவனை அணியத்துக்காரன் என்றே எழுதுகிறேன். அவனும் இவரும் தினம் சண்டை போடுவார்கள். சண்டை இல்லாத நாளில்தான் என்னமோ ஏதோ என்று கேட்பார்கள்.

அன்றைக்குக் காலையிலும் சண்டைதான். நான் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு டீக்கடைப் பின்னால் நின்றிருந்தேன். அணியத்துக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா, வெயிலு உன் மூஞ்சிமேல குந்திகினு கீது. இன்னும் கொட்டாவி வுட்டுகினு வரே" என்றார் இவர்.

"இன்னா பெரிசு, காலீலயே பேஜாரு பண்றே. ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு உன்ன கடல்ல தள்ளிவுட்டு வந்து நிம்மதியா தூங்கப்போறேன் பாரு."

"தள்ளுடா கண்ணு. நான் நீஞ்சி வந்து உன் பாயச் சுருட்டிக்கினு போய்டுவேன்."

டீக்கடை முழுக்கச் சிரித்தது. நானும் முந்தானைக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் போட்டைத் தள்ளினார்கள்.

மத்தியானம் போட்டு திரும்பியது. இவரை அதில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

நடந்தது இதுதான். நங்கூரம் போட்டு வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நங்கூரம் அடியில் கல்லில் மாட்டிக்கொண்டது. அந்நேரம் பார்த்துப் பெரிய அலை ஒன்று பக்கவாட்டில் எழும்பியது. நங்கூரக் கயிறு விடாமல் பிடித்திருந்தால் அணியம் தண்ணீருக்குள் முங்கும், போட்டு நிரம்பிவிடும். அதனால்தான் அணியத்தில் நிற்கிறவன் இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். அணியம் முங்கினால் கயிற்றை அறுக்க வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது. கேட்டுப் பதில் வருவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அவன் அறுத்தான். போட்டு துள்ளியது. வலையைக் கையில் பிடித்து எழுந்து நின்றிருந்த இவர் மல்லாந்து விழுந்தார். பின்மண்டை இஞ்சினில் அடித்துக் கடலில் போய்விட்டார். உடனே குதித்துத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

அணியத்துக்காரன் என் எதிரில் வந்து மணலில் உட்கார்ந்துகொண்டான். அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்: "அத்தே, பெரிசு நின்னுகினு இருந்தாரு. நான் பார்த்தேன். பார்த்துக்கினேதான் அறுத்தேன்."

அப்போது எனக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற குப்பங்களில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கடலில் ஒருவன் கைபட்டு இன்னொருவர் செத்துப்போனால், வேண்டுமென்று செய்தானா, தவறி நடந்ததா என்று ஊர் கேட்காது. கை யாருடையது என்று மட்டும்தான் கேட்கும். மூன்றாம் நாள் அந்தக் கைக்காரன் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு அம்மன் கோயில் வாசலில் துடுப்பைப் பிடித்து நிற்க வேண்டும். "நான்தான் கொன்னேன். இந்த வூட்டுக்கு இனிமே நான் கட்டுப்பட்டவன்" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அலை வந்தது, கயிறு மாட்டியது என்று ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது. இதற்குப் பழி நிற்பது என்று பெயர். நிற்காமல் நழுவுகிறவனோடு எவனும் மறுபடி போட்டில் ஏறமாட்டான். நின்றவன் அதற்கப்புறம் தன் பாட்டில், அதாவது தான் பிடித்து வருவதில், ஒரு கூறு மீனைச் செத்தவர் வீட்டுக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் நின்றால் மட்டும் போதாது. செத்தவர் வீட்டுப் பெண் வந்து அவன் கையில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேண்டுமென்று செய்தான் என்று அவள் மனசுக்குப் பட்டால் ஊற்ற மாட்டாள், அவன் மீனைத் தொடவும் மாட்டாள். ஊர் கேட்காத கேள்வியை அவள் ஒருத்தி கேட்டுக்கொள்ள வேண்டும். யாரும் அவளுக்குச் சொல்லித்தர மாட்டார்கள், அவசரப்படுத்தவும் மாட்டார்கள்.

அந்த மூன்று நாளும் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே அறுத்தேன் என்று சொன்னானே, அது அப்போதுதான் மனசில் விழுந்தது. ஒரு வார்த்தை, உட்காரு பெரிசு என்று ஒரு வார்த்தை, கத்தியிருக்கக் கூடாதா? அவன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. அவன் கையை உடைக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் ஒன்று நினைத்துப் பார்த்தேன். இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அணியத்தில் நிற்கிறார், அவன் எழுந்து நிற்கிறான், அணியம் முங்குகிறது. இவர் என்ன செய்வார்? அறுப்பார். கத்திவிட்டு அறுக்க மாட்டார், அறுத்துவிட்டுத்தான் கத்துவார். அறுக்காவிட்டால் மூன்று வீட்டில் ஒப்பாரி. அறுத்துவிட்டு வந்து இதே கோயில் வாசலில் இவர் நிற்பார், அவனுடைய அம்மா கையில் சொம்பு இருக்கும். அவள் ஊற்ற வேண்டும் என்று நான் அம்மனை வேண்டிக்கொண்டு நிற்பேன்.

மூன்றாம் நாள் அவன் துடுப்போடு நின்றான். "நான்தான் கொன்னேன்" என்றான். நான் ஊற்றினேன். பாதித் தண்ணீர் மணலில் போனது. ஆனாலும் ஊற்றினேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் அன்றைக்கு அங்கே இருந்தார். சின்ன வயசிலேயே வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் சேர்ந்துவிட்டவர். கடல் தொழில் தெரியாது, குப்பத்துக்குக் கல்யாணம் சாவு என்றால்தான் வருவார். பழி நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவர் காதில் விழுந்தது "நான்தான் கொன்னேன்" என்பது மட்டும்தான்.

"தம்பிய கொன்னவன் தன் வாயாலயே சொல்றான், ஊரே கேட்டுகினு நிக்கிது. நீ இன்னாடான்னா கொலைகாரன் கைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறே" என்று கத்தினார். ஊர்த் தலைவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "உங்க பழக்கத்த கடல்லயே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு நேராகப் போலீஸுக்குப் போய்விட்டார்.

போலீஸ்காரர் வந்து என்னிடம் கேட்டார். காலையில் சண்டை நடந்ததா? தலையாட்டினேன். கடலில் தள்ளுவேன் என்று சொன்னானா? ஆட்டினேன். கையில் கத்தி இருந்ததா? ஆட்டினேன். கோயிலில் நான்தான் கொன்னேன் என்றானா? அதற்கும் ஆட்டினேன். எல்லாம் உண்மைதானே. தனித்தனியாக ஒவ்வொன்றும் உண்மை. அவர் அதையெல்லாம் சேர்த்துப் படித்துக்காட்டினபோதுதான் அது வேறு கதை என்று தெரிந்தது. அவர் படித்த கதையில் என் வீட்டுக்காரரைக் கறுவிக்கொண்டு கொலை செய்த ஒருவன் இருந்தான். எனக்கு அப்படி ஒருவனைத் தெரியாது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

கொலை கேஸ் போட்டார்கள். அவன் ஜெயிலில் இருந்து ஜாமீனில் வந்தான். குப்பத்துக்குள் வரக் கூடாது, சாட்சிகளோடு பேசக் கூடாது என்று கட்டளை. எண்ணூர்ப் பக்கம் சித்தப்பா வீட்டில் தங்கி அங்கே தொழிலுக்குப் போனான். ஆனால் என் வீட்டுக்கு வர வேண்டிய கூறு மட்டும் நிற்கவில்லை. அவன் அம்மா பையில் போட்டு பஸ் ஏறி வந்து வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். மீன் நாத்தம் என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்ட நாளில் நடந்தே வந்திருக்கிறாள். நான் அதை ஆக்கி என் மகளுக்குப் போட்டு நானும் சாப்பிட்டேன்.

கேஸ் நடக்கச் சில வருஷம் ஆனது. ஒருநாள் எனக்குச் சம்மன் வந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன் கோர்ட்டு நாளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இதோ பாரும்மா, நீ ஒண்ணும் பேச வேணாம். அவுங்க கேக்கறதுக்கு ஆமான்னு சொல்லு. போதும்."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"அவன் அம்மா கொண்டார மீன நீ துன்னுகினு கீறியாமே. புருஷன கொன்னவன் மீன துன்றாளேன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குன்னு இருந்தவன் அவன் ஒர்த்தன்தான்மா."

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போனதும் எதிர்வீட்டு அக்கா வந்தாள், எல்லாவற்றையும் ஜன்னலில் கேட்டிருக்கிறாள்.

"இன்னா சொல்லப்போறே?"

"தெரியலக்கா. கூண்ட பார்த்தா எனக்கு மயக்கம் வந்துடும்."

"மயக்கம் வந்தா வுழு. வுழறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியத சொல்லிட்டு வுழு. அந்தப் புள்ளைக்கு ஆயுள் தண்டன குடுத்துட்டா, நீ ஊத்துன தண்ணிக்கு இன்னா மரியாதி?"

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. நான் ஊற்றியது சும்மா இல்லை. மூன்று நாள் நெஞ்சு கிழிந்து யோசித்து ஊற்றியது. என் தீர்ப்பு அது. அதை யாரோ வந்து அழித்துவிட்டுப் போவதா?

கோர்ட்டுக்கு அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். அவள் அன்றைக்கு வியாபாரத்துக்கே போகவில்லை. வராண்டாவில் சர்க்கார் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். தாடி வைத்த மனுஷர், மரியாதையாகத்தான் பேசினார். நான் அவர் பக்கத்துச் சாட்சி.

"பாருங்கம்மா, பயப்படாதீங்க. கயிறை அறுத்தது அவன் கைதான், அதை அவனே மறுக்கல. ஆனா சட்டத்துக்குக் கை மட்டும் போதாது. மனசுலயும் கொல்லணும்னு இருந்திருக்கணும். அந்த மனசு அவனுக்கு இருந்துச்சுங்கறதுக்குத்தான் காலைல நடந்த சண்டை, கோயில்ல அவன் சொன்ன வார்த்தை, ரெண்டையும் நீங்க சொல்லணும்."

கோர்ட்டு என்றால் என்னமோ நமக்குப் புரியாத கணக்கு என்று நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் நான் மூன்று நாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட அதே கேள்வி! ஊர் கேட்காததை இவர்கள் கேட்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு விடை தெரியும். எனக்கல்லாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எனக்கு முன்னால் கூண்டேறிய, தண்ணீர் இறைத்த பெரியவர், குனிந்திருந்தேன், அறுத்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது.

"கணவர் பேர் சொல்லுங்க."

நான் அவர் பெயரை வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. செத்த பிறகும் சொன்னதில்லை. குமாஸ்தா மறுபடி கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். பின்னால் இருந்து எதிர்வீட்டு அக்கா, "சாமி, அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன்!" என்று பெயரைக் கூவியே விட்டாள், மீன் விற்கிற குரலில். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் ஐயா அவளைக் கண்டித்து உட்காரச் சொன்னார், ஆனால் அவர் மீசையும் ஆடியது. அந்தச் சிரிப்பில் என் நடுக்கம் பாதி போய்விட்டது.

சர்க்கார் வக்கீல் ஆரம்பித்தார். காலையில் சண்டை நடந்ததா? நடந்தது. கடலில் தள்ளுவேன் என்றானா?

"சொன்னான்யா. எங்க வூட்டுக்காரரு நீஞ்சி வந்து பாய சுருட்டுவேன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"சிரிச்சதைக் கேக்கல. சொன்னானா இல்லையா?"

"சிரிச்சத வுட்டுட்டு சொன்னத மட்டும் எப்டியா சொல்றது? ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்துச்சி."

இது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். முந்தானை எங்கே என்று கை தேடியது. கீழே கிடந்தது. எடுக்கவில்லை.

கோயில் கதைக்கு வந்தார். பழி நிற்பது என்றால் என்ன, யார் ஊற்றுவார்கள், எப்போது ஊற்ற மாட்டார்கள், எல்லாம் சொன்னேன். போலீஸில் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "அவுரு கேக்கல, எனக்கும் வாய் வரல" என்றேன். அவர் ஜட்ஜைப் பார்த்து என்னமோ சொன்னார். நான் அவர் பக்கத்துக்கு மாறாகச் சொல்கிற சாட்சி, பிறழ் சாட்சி, அதனால் எதிர்த்துக் கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்று. அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் அவர் குரல் மாறியது. அது அவர் வேலை.

"குற்றவாளி வீட்டிலிருந்து உங்களுக்கு மீன் வருது இல்லையா?"

"வருதுய்யா."

"இத்தனை வருஷமா வாங்கிச் சாப்பிடறீங்க."

"ஆமாய்யா."

"அதுக்காகத்தான் இன்னைக்கு மாத்திச் சொல்றீங்க."

அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குற்றவாளிக் கூண்டில் அணியத்துக்காரன் தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தான். நான் ஜட்ஜைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா, அந்த மீனு அவன் தப்பு பண்ணலன்னு சொல்லச் சொல்லி வர்ற மீனு இல்ல. என் புருஷன் அவன் கையால போனாரு, அதுக்காக வர்ற மீனு. அவன் கையால போகலன்னு நான் சொல்லவே மாட்டேன். போனாரு. ஆனா வேணும்னு கொன்னவன் குடுத்த மீன எந்தப் பொம்பள ஆக்கி, தான் பெத்த பொண்ணுக்குப் போடுவா? மொத நாளு நான் அத அடுப்புல வெச்சன் பாருங்க, அன்னிக்கே நான் சாட்சி சொல்லிட்டன்யா. இன்னிக்கு நீங்க கூப்ட்டதுனால திருப்பிச் சொல்றேன்."

சர்க்கார் வக்கீல் தாளை மூடினார். வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். நான் இறங்கினேன். மயக்கம் வரவில்லை.

இன்னொரு நாள் ஜட்ஜ் அணியத்துக்காரனைக் கேட்டார். சாட்சிகள் சொன்னதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று. கோயிலில் ஒன்றும் சொல்லவில்லை, கயிறு தானே அறுந்தது என்று சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனுடைய வக்கீல் அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாராம். அவன் நின்றான்.

"சொன்னேன்யா. நான்தான் கொன்னேன்னு கோயில்ல சொன்னேன். கயித்த நான்தான் அறுத்தேன். பெரிசு நிக்கிறத பார்த்தேன்."

அவன் வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள்.

ஜட்ஜ் கேட்டார்: "பார்த்தும் ஏன் அறுத்தே?"

"அறுக்கலன்னா மூணு பேரும் போயிருப்போம்யா. அவுரும்தான்."

"நாளைக்கு மறுபடியும் அப்படி ஒண்ணு நடந்தா?"

அவன் யோசிக்கவே இல்லை. "அறுப்பேன்யா. அறுத்துட்டு வந்து மறுபடியும் கோயில்ல நிப்பேன்."

ஐயோ, கெடுத்தான் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வீட்டுக்காரரே அங்கே நின்று பேசின மாதிரி இருந்தது.

தீர்ப்பு நாளில் குப்பமே வந்துவிட்டது. ஒரு போட்டுகூடத் தொழிலுக்குப் போகவில்லை. போட்டில் தண்ணீர் இறைத்த பெரியவர் வேட்டி சட்டையெல்லாம் போட்டு வந்திருந்தார். தீர்ப்பை இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் ஜட்ஜ் ஐயா எங்களைப் பார்த்துவிட்டுத் தமிழில் நாலு வார்த்தை சொன்னார். எனக்கு நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன். சாவுக்குக் காரணம் இவன் செய்கை என்பதை இவனே ஏற்றுக்கொண்டான். ஆனால் கொல்லும் எண்ணம் இவனுக்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. பெரிய ஆபத்தைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த காரியம். கோயில் வாசலில் சொன்னது பொறுப்பை ஏற்றுக்கொண்ட சொல், கொலையை ஒப்புக்கொண்ட சொல்லாக அதை எடுக்க முடியாது. இறந்தவரின் மனைவி சொன்ன சாட்சியை நம்புகிறேன். விடுதலை.

நம்புகிறேன் என்றார்! ஐந்தாவது படித்தவளை, புருஷன் பேரைச் சொல்ல வாய் வராதவளை, ஒரு ஜட்ஜ் நம்புகிறேன் என்று சொல்லி எழுதியும் வைத்தார். அக்கா வாயில் கைவைத்து அடக்கினாள், முடியவில்லை. குலவை போட்டுவிட்டாள். கோர்ட்டுக்குள் குலவை! போலீஸ்காரர் ஓடிவந்து அவளை வெளியே அனுப்பினார். அவள் வராண்டாவில் போய் நிம்மதியாக இன்னொன்று போட்டாள்.

"இன்னாமே, நீ பிறழ் சாட்சியாம்! என்னமோ வியாதி பேர் மாதிரி கீது. அந்த வியாதி எனக்கும் வரட்டும்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

அணியத்துக்காரன் வந்து என் காலில் விழுந்தான். அவன் அம்மா தூரத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை வருஷம் என் வாசலுக்கு வந்தவள், அன்றைக்குத்தான் முதல் முறை என்னிடம் பேசினாள். "நல்லா இரும்மா" என்றாள். அவ்வளவுதான்.

அண்ணன் தூணோரம் தனியாக நின்றிருந்தார். நான் போனேன். நானாகவே போனேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவன் பார்த்துக்கினே அறுத்தேன்றானே. உனக்குக் கோவமே வர்லியா?"

"வந்துச்சி மாமா. இன்னிக்கும் சில நாளு வருது. எனக்கு வர்ற கோவத்துக்கு அவன கொலைகாரன் ஆக்க முடியுமா?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, டீ குடிக்கலாம்" என்றார்.

பாரிமுனையில் நடுரோட்டு டீக்கடையில், அத்தனை ஆம்பிளைகள் நடுவில், நான் நின்றுகொண்டு டீ குடித்தேன். அண்ணன் வாங்கிக்கொடுத்தார். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, கூண்டில் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன், ராயபுரம் தாண்டுவதற்குள் கண்டக்டருக்கும் சொல்லியாகிவிட்டது. குப்பத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது, வெடிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சு வரவில்லை. அந்த ஊமைத்தனம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேசிப் பேசி வந்ததல்லவா அது!

இதைப் படிக்கிறவர்களில் சட்டம் தெரிந்தவர் யாராவது இருந்தால் தயவுசெய்து சரிபார்க்க வேண்டும். அவன்மேல் போட்டது முந்நூற்றி ரெண்டாவது செக்ஷன் என்றுதான் நினைவு. ஜட்ஜ் ஐயா சொன்னதை என் வார்த்தையில் எழுதியிருக்கிறேன், அதில் சட்டத்துக்கு ஒத்துவராதது இருந்தால் மாற்றுங்கள். எந்த வருஷம் என்பதையும் யாரையாவது கேட்டுப் போடுங்கள். எழுத்துப் பிழையையும் திருத்துங்கள். கூண்டில் நான் சொன்ன பதிலில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.